புரோட்டீன் சாரும் பட்டுச் சால்வையும்

அரைவேக்காட்டு முட்டையை நின்றுகொண்டே சாப்பிடாதீர்கள் என்று மனைவி ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். கல்லூரியில் எல்லோரும் ‘புரோட்டீன் சார்’ என்று அழைக்கும் உயிர்வேதியியல் பேராசிரியர் ஆயிரத்தோராவது தடவையும் நின்றுகொண்டேதான் சாப்பிட்டார். முட்டை ஸ்பூனிலிருந்து நழுவி, நாற்காலிமேல் மடித்து வைத்திருந்த பட்டுச் சால்வையில் வழிந்தது.

சாதாரணச் சால்வையா அது! கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் வாங்கிக் கொடுத்து அவள் குறை சொல்லாத ஒரே பொருள். "அசல் பட்டு வாங்கித் தந்தேனா இல்லையா?" என்று கேட்டால் போதும், எந்தச் சண்டையிலும் அவள் கப்சிப்பென்று அடங்கிவிடுவாள். இன்று சாயங்காலம் அலுவலகத்தில் அவளுக்குப் பாராட்டு விழா. இதைத்தான் போர்த்திக்கொண்டு போகப்போகிறாள்.

பதறிப்போய், கெட்டிலில் இருந்த வெந்நீரைக் கறைமேல் ஊற்றினார். முட்டை வெந்து ஆம்லெட்டாகச் சால்வையோடு ஒட்டிக்கொண்டது.

நேற்றுதான் வகுப்பில் தொண்டை கிழியக் கத்தியிருந்தார். "புரோட்டீன்ங்கறது நீளமான சங்கிலி. அது எப்படி மடிஞ்சிருக்கோ அதுக்கேத்த வேலையைத்தான் செய்யும். சூடு பண்ணினா மடிப்பு அவிழ்ந்து ஒண்ணோட ஒண்ணு சிக்கிக்கும். வெந்த முட்டையைத் திரும்பப் பச்சை முட்டையாக்க முடியுமா?" மாணவர்களுக்குப் புரிந்திருக்கும். சாருக்குத்தான் புரியவில்லை.

போன் அடித்தது. மனைவி.

"ஏங்க, சால்வை நாற்காலி மேலதானே இருக்கு?"

"இருக்கு, இருக்கு. நல்லா வெந்து... வந்து, நல்லாவே இருக்கு!"

"தங்கச்சியும் என்கூட வரா. கிளம்பிட்டோம்."

குளியலறை அலமாரியை உருட்டினார். மேல்தட்டில், காலி பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால், இறுக்கி முடிச்சுப் போட்ட பைக்குள் ஒரு சலவைப் பவுடர் இருந்தது. எதையும் கைக்கு எட்டாத இடத்தில் வைப்பதுதானே அவள் வழக்கம். ‘முட்டை, பால், ரத்தக் கறைகளுக்கு என்ஸைம் சக்தி’ என்று பாக்கெட்டில் போட்டிருந்தது. கொதிக்கிற தண்ணீரில் அள்ளிக் கொட்டிச் சால்வையை முக்கினார். ஆம்லெட் அசையவில்லை.

"என்ஸைமும் புரோட்டீன்தானேடா மடையா!" என்று தன்னையே திட்டிக்கொண்டார். கறையைக் கத்தரிக்க வேண்டிய கத்தரிக்கோலையே உருக்கி விட்டால் எப்படி?

இந்த முறை வெதுவெதுப்பான தண்ணீர், மிச்சப் பவுடர் முழுவதும். கறை மெல்லக் கரைய ஆரம்பித்தது. நிம்மதியாக உட்கார்ந்து விடைத்தாள் திருத்தினார். ஒரு மாணவி அழகாக எழுதியிருந்தாள்: ‘முடி, நகம், கம்பளி, பட்டு ஆகிய யாவும் புரோட்டீன்களே.’ சபாஷ் என்று முழு மார்க் போட்டார். போட்ட பேனா அப்படியே நின்றது.

"ஐயோ, பட்டு!"

முட்டையைத் தின்கிற பவுடர் பட்டைப் பார்த்து மரியாதையாக ஒதுங்கிப் போகுமா? விழுந்தடித்து ஓடிச் சால்வையைத் தூக்கினார். கறையும் இல்லை, ஒரு நூல்கூடப் பிரியவும் இல்லை. புதுசு போலப் பளபளத்தது. சந்தோஷத்தில் ஒரு சுற்று ஆடியே விட்டார். ஆடி முடித்ததும் மூளை வேலை செய்தது. முட்டை போய்விட்டது என்றால் பவுடர் நல்ல பவுடர். நல்ல பவுடருக்குப் பட்டு தப்பியது எப்படி?

ஓரத்தில் ஒரு நூலைப் பிய்த்து, உலர்த்தி, தீக்குச்சி வைத்தார். பட்டு எரிந்தால் முடி கருகும் வாடை வர வேண்டும். இதுவோ பிளாஸ்டிக் வாடையோடு சுருண்டு கறுப்பு மணியாக உருகியது.

இத்தனை வருஷமாக மார்தட்டிய அசல் பட்டு நைலானா! அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

அக்காவும் தங்கையும் வந்தார்கள். தங்கை முகம் கழுவ நேராகக் குளியலறைக்குப் போனாள். மின்விசிறிக்கு அடியில் காய்ந்த சால்வையைப் பார்த்ததும் மனைவியின் முகம் வெளிறியது.

"என்னாச்சு இதுக்கு?"

மறைக்க அவருக்கு மனசு வரவில்லை. "முட்டையைக் கொட்டிட்டேம்மா. என்ஸைம் பவுடர்ல ஊற வெச்சேன். பட்டா இருந்தா இந்நேரம் போயிருக்கணும். போகலை. இது நைலான். கடைக்காரன் என்னை ஏமாத்திட்டான், நான் உன்னை ஏமாத்திட்டேன்."

"நைலானா?" அவள் மெதுவாக உட்கார்ந்தாள். முகத்துக்கு ரத்தம் திரும்பியது. "போகுது விடுங்க. எவனோ பண்ணின தப்புக்கு நீங்க என்ன செய்வீங்க?"

"உனக்குக் கோபமே வரலையா?"

"உங்க மனசுதாங்க எனக்குப் பட்டு. ஆனா ஒண்ணு, இனிமே சண்டையில இந்தச் சால்வைப் பேச்சை எடுக்கக் கூடாது. நிஜப் பட்டுல ஒண்ணு வாங்கியும் தரணும்."

"ரெண்டாவே வாங்கித் தரேன்!" என்றார். இப்படி ஒரு மனைவி யாருக்குக் கிடைப்பாள்!

அப்போது தங்கை காலிப் பாக்கெட்டை ஆட்டிக்கொண்டே குளியலறையிலிருந்து வந்தாள்.

"ஏங்க்கா, இந்தப் பவுடரை நீ இன்னும் தூக்கிப் போடலையா? அத்தான் குடுத்த அசல் சால்வையை இதுல ஊற வெச்சு நார்நாரா எடுத்தியே, அது போதாதா?"