செருப்புக்கடையில் ஒரு பல்வலி

ஏணியின் உச்சிப் படியில் நின்றபோது அவளுக்கு அடிவயிற்றைப் பிடித்து முறுக்கியது. கையிலிருந்த செருப்புப் பெட்டி நழுவி, கீழே உட்கார்ந்திருந்த வாடிக்கையாளரின் மடியில் விழுந்தது. அவள் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கடையில் அவள் பெயர் 'புதுசு'.

வீட்டுக்குப் போய்க் குப்புறப் படுத்துக்கொண்டால் போதும். வேறெதுவும் வேண்டாம். ஆனால் முதலாளிக்கு அவள் அப்பா வயது. மாதாமாதம் வருகிற வலி என்று அவரிடம் சொல்ல நாக்கு எழவில்லை.

"சார், தலைவலி. அரை நாள் லீவு வேணும்."

"அடடா! தலைவலிக்கு வெளிச்சமே ஆகாதே. குடோன் நல்லா இருட்டா இருக்கும். அங்க போய் பெட்டிகளை அடுக்கும்மா."

ரொம்ப நல்ல மனிதர். அதுதான் தொல்லை. குடோனில் பெட்டி தூக்கித் தூக்கி அவளுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

"சார், கால் வேற வலிக்குது. நிக்கவே முடியல."

"கால் வலியா? நம்ம கடையிலயா!"

முதலாளி பதறிப்போய், மெத்தை வைத்த செருப்பு ஒன்றை எடுத்து வந்து அவளைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். அதோடு விட்டாரா? வாடிக்கையாளர்கள் முன்னால் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கவிட்டார்.

"பாருங்க, நொண்டிக்கிட்டு வந்த பொண்ணு! கொஞ்சம் சிரிம்மா."

வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். யார் மேல் கோபப்படுவது என்றுகூடத் தெரியவில்லை.

"ஏம்மா பல்லைக் கடிக்கிறே? பல்வலியா?"

விட்டால் போதும் என்று தலையாட்டினாள்.

"இதை முதல்லயே சொல்லக் கூடாதா? மாடியில நம்ம மச்சினன்தான் பல் டாக்டர்!"

மச்சினன் அவள் வாய்க்குள் விளக்கடித்துத் தேடினார். "ஒண்ணும் தெரியலையே" என்றார். "ஆனா மாமாவே அனுப்பியிருக்காரே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கடைவாயில் ஒன்றைப் பிடுங்கிவிட்டார்.

வாயில் பஞ்சோடு இறங்கி வந்தாள். அடிவயிற்று வலி அப்படியேதான் இருந்தது.

"வலிதான் போயிடுச்சே, ஏணியில ஏறும்மா" என்றார் முதலாளி.

அவளுக்கு அழுகை முட்டியது. பில் போடும் அக்கா, வயிற்றை அழுத்திக்கொண்டிருந்த அவள் கையைப் பார்த்தாள். மெல்ல ஓரமாக இழுத்துப்போய்க் காதோடு சொன்னாள்:

"இந்தக் கடையில எங்க யாருக்குமே கடைவாய்ப் பல் முழுசா இல்லடி, அடுத்த மாசம் காதுவலின்னு சொல்லு, அவர் சொந்தத்துல காது டாக்டர் யாரும் கிடையாது!"