அன்னை சேவைச் செம்மலுக்கு ஒரு பாராட்டு விழா

பெற்ற தாயைப் பேணுவது எப்படி என்று தெரியாதவர்கள் எல்லாரும் 1974-இல் தேனிக்கு வந்து பாடம் கற்றிருக்க வேண்டும். இங்கேதான் மளிகை மொத்த வியாபாரி ஜெபமணி, முதியோர் நல மன்றத்தின் செயலாளராக, ஆண்டிபட்டி முதல் கம்பம் வரை மேடை மேடையாக "பெற்றவளைப் பேணுவோம்" என்று முழங்கிவந்தார். முழக்கத்துக்கு இடைஞ்சல் வரக் கூடாதல்லவா? படுத்த படுக்கையாகக் கிடந்த தாயாரைக் குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்கவைக்கும் 'சில்லறை' வேலைகளை மனைவி கிருபாவதியிடம் ஒப்படைத்திருந்தார்.

அந்தக் கிருபாவதிக்கு ஒரு சுயநலம். உத்தமபாளையத்தில் அவளுடைய அப்பா படுத்துவிட்டார். கண் மூடுவதற்குள் ஒரு தடவை பார்த்துவிட வேண்டுமாம்.

"அடுத்த வாரம் போலாம்," என்றார் ஜெபமணி. "இந்த வாரம் சின்னமனூர்ல பேசுறேன்."

"நீங்க பேசுங்க. நான் மட்டும் போயிட்டு வாரேன்."

"அப்ப அம்மாவ யாரு பாக்குறது?"

அடுத்த வாரமும் எங்கேயாவது ஒரு மேடை இருந்தது.

இதற்குள் மன்றம் கூடி, செயலாளருக்கு 'அன்னை சேவைச் செம்மல்' பட்டம் வழங்க ஏகமனதாகத் தீர்மானித்தது. முன்மொழிந்தவர் செயலாளர். தாயாரையும் மேடையில் அமர்த்துவதென்று துணைத் தீர்மானம்.

விழாவன்று தலைசீவிவிட்ட மருமகளிடம் மாமியார் மெல்லச் சொன்னாள்: "இன்னைக்கு ஊரே என்னையச் சுத்தி நிக்கும். நீ பஸ் ஏறு தாயி. உங்கப்பாவ நான் கேட்டேன்னு சொல்லு."

தொண்டர்கள் மாமியாரை நாற்காலியோடு மேடைக்குத் தூக்கிப் போனார்கள். கிருபாவதி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து, கம்பம் வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். விழா மைதானத்துக் குழாய் ஸ்பீக்கர் அங்கேயும் அதிர்ந்தது. செம்மலின் கழுத்தில் ஏலக்காய் மாலை விழுந்தது, கைதட்டல். அடுத்து, போட்டோவுக்காகச் செம்மல் தம் கையாலேயே அன்னைக்கு ஊட்டுவார் என்று அறிவித்தார்கள்.

ஊட்டியது கடலை மிட்டாய்.

ஸ்பீக்கரில் ஓர் இருமல். பிறகு மாமியாரின் குரல்: "ஏலே, எனக்குப் பல்லு போயி நாலு வருசமாச்சே. ஒனக்கு யாரும் சொல்லலையா?"

கைதட்டல் நின்றது. யாரோ மைக்கைத் தட்டினார்கள். அடுத்து ஜெபமணியின் குரல், முழக்கமெல்லாம் இறங்கி: "கிருபாவதி எங்கிருந்தாலும் உடனே மேடைக்கு வரவும். அம்மாவுக்கு... ஒண்ணுக்குப் போகணுமாம்."

கிருபாவதி பழக்கத்தில் பாதி எழுந்துவிட்டாள்.

"ஒங்களத்தான் கூப்புடுறாகளாம்மா?" என்றார் கண்டக்டர்.

அவள் உட்கார்ந்தாள்.

"அம்மாவப் பாத்துக்கிறதுல அவுகளுக்கு மிஞ்சி ஆளில்லைன்னு இப்பத்தான் பட்டம் குடுத்தாக. பாத்துக்குவாக. உத்தமபாளையம் ஒண்ணு குடுங்கண்ணே."