கோடு வரைக்கும் எண்ணெய்

மதிப்பிற்குரிய சித்தப்பா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் முட்டிவலி குறைந்திருக்கும் என்றும், நகரத்தில் அக்கா வீட்டு மாடிப்படி உங்களிடம் கொஞ்சம் இரக்கம் காட்டுகிறது என்றும் நம்புகிறேன். இங்கே அம்மா நலம், நான் நலம். நலமில்லாதவை இரண்டு டிராக்டர்கள். இரண்டையும் படுக்க வைத்தவர் உங்கள் அண்ணன். போனில் சொல்லலாம் என்று பார்த்தால், நான் பேச ஆரம்பித்ததும் அவர் பிடுங்கிக்கொண்டு, மழையையும் முட்டியையும் விசாரித்து வைத்துவிடுகிறார். அதனால்தான் கடிதம். சுற்றி வளைக்காமல் கேட்கிறேன்: பழைய டிராக்டரை இரும்புக்கடைக்காரருக்குக் கொடுக்கச் சம்மதம் என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். அது உங்கள் இருவர் பேரிலும் இருக்கிறது. நான் டிப்ளமோ படித்தவன், காரணம் இல்லாமல் எதையும் கேட்க மாட்டேன். காரணம் கீழே.

முதலில் புது டிராக்டர். அதன் என்ஜினுக்குப் போகும் காற்றை வடிகட்டும் ஏர் ஃபில்டர் வெறும் காகிதம். விசிறி மடிப்பாக மடித்து உருளையாகச் சுற்றி வைத்தது. புழுதி ஏறினால் முன்னால் ஒரு சிவப்பு விளக்கு எரியும். கழற்றி, உள்ளேயிருந்து வெளிப்பக்கமாக மெதுவாகக் காற்றடித்து, நடுவில் ஒரு பல்பை விட்டு ஓட்டை தெரிகிறதா என்று பார்த்து மாட்டலாம். சில தடவை இப்படிச் செய்தபிறகு தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு போடவேண்டும். இதை அப்பாவிடம் படம் வரைந்தே விளக்கினேன். தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நம்பி வேலைக்குப் போனேன் பாருங்கள், என் புத்தி அன்றைக்கு எங்கே மேயப் போயிருந்ததோ! திரும்பி வந்தால், ஃபில்டரைப் பின்சக்கரத்தில் ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டிருக்கிறார்.

“என்னப்பா பண்றீங்க?”

“தூசி தட்டறேன்டா.”

“அது என்ன தலையணையா? ஓரம் நெளிஞ்சு போச்சு பாருங்க. இனிமே அது ஒழுங்கா உட்காராது.”

“நாம உட்கார வச்சா உட்காரும். நீ போய்க் கை கழுவு.”

நான் கை கழுவப் போன நேரத்தில், தட்டியது போதாதென்று அதை டீசலில் முக்கி அலசி, அதுவும் போதாதென்று என்ஜின் ஆயிலில் குளிப்பாட்டி, சொட்டச் சொட்ட மாட்டிவிட்டார். மறுநாள் உழவுக்குப் போன புது டிராக்டர் பாதி வயலில் இருமி, கறுகறுவென்று புகையைக் கக்கி நின்றுவிட்டது. அந்தப் புகை நிதானமாக மிதந்து வந்து, அம்மா துவைத்துக் காயப்போட்டிருந்த வெள்ளைப் படுக்கை விரிப்பின்மேல் இறங்கியது. அம்மா அதைக் கொடியிலிருந்து இழுத்தாள். விரிப்பைச் சுருட்டிக் கொண்டுவந்து அப்பா மடியில் வைத்து, “இதையும் அந்தச் சக்கரத்துல அடிச்சுக் குடுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் அந்த ஃபில்டரைக் குப்பையில் வீசிவிட்டுப் புதுசு வாங்க ஏற்பாடு செய்தேன். காலையில் எழுந்து பார்த்தால், வீசியது துணிக்கொடியில், என் சட்டைக்குப் பக்கத்தில், இரண்டு பக்கமும் கிளிப் மாட்டித் தொங்குகிறது.

“நல்ல சாமானை யாராவது எறிவாங்களாடா? பெரியவருக்கு எத்தனை வருஷம் கழுவிக் கழுவி மாட்டினோம்!”

பெரியவர் என்று அவர் மரியாதையாகச் சொல்வது அந்தப் பழைய டிராக்டரை. அதில் காகிதம் எங்கே இருக்கிறது? கம்பிவலை, அதற்கு அடியில் ஓர் எண்ணெய்க் கிண்ணம், அவ்வளவுதான். காற்று எண்ணெயைத் தொட்டுக்கொண்டு உள்ளே போகும், புழுதி கிண்ணத்தில் சேறாகத் தங்கும். சேற்றை வழித்து, டீசலில் கழுவி, உள்ளே போட்டிருக்கும் கோடு வரைக்கும் புது எண்ணெய் விட்டால் ஆயுசுக்கும் அதே கிண்ணம்தான். அதைச் செய்து பழகிய கை, காகிதத்தைக் கண்டாலும் அதையே செய்கிறது. இதில் உங்களுக்கும் பங்கு உண்டு சித்தப்பா, கோபித்துக்கொள்ளாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கொட்டகைக்குள் நீங்கள் குந்தி உட்கார்ந்து, கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டிருப்பீர்கள். அப்பா டப்பாவைச் சாய்ப்பார். ஊற்றுகிறவருக்கு டப்பா மறைக்கும். ஏந்துகிறவருக்குத்தான் கோடு தெரியும். நீங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருந்து, “கோடு!” என்று ஒரு கத்து கத்துவீர்கள். அப்பாவின் கை அந்தக் கணமே நிமிரும். அந்தக் கத்தல் வீட்டுக்குள்ளும் குடியேறிவிட்டது. அம்மா டீ ஊற்றினால் நீங்கள் “கோடு!” என்பீர்கள். அக்கா எனக்குப் பால் ஊற்றினால் நான் “கோடு!” என்பேன். வந்த விருந்தாளிகள் இதென்ன பைத்தியக்காரக் குடும்பம் என்று நினைத்திருப்பார்கள், நினைக்கட்டும். டீசல் வாசனையும், குழாயடியில் நீங்கள் இருவரும் சோப்புத்தூள் போட்டுக் கை தேய்த்துக்கொண்டே ஒருவரை ஒருவர் குறை சொல்லும் சத்தமும் ஜன்னல் வழியாக வந்தால்தான் எனக்கு அது ஞாயிற்றுக்கிழமை. இப்போதெல்லாம் காலண்டரைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன். சரி, விஷயத்துக்கு வருகிறேன், எனக்கு நேரமில்லை.

நீங்கள் நகரத்துக்குப் போனபிறகு அப்பா ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் கிண்ணத்தை வைத்துத் தனியாக ஊற்ற ஆரம்பித்தார். ஊற்றுகிறார், ஊற்றுகிறார், ஊற்றிக்கொண்டே இருக்கிறார். எண்ணெய் விளிம்புக்கு வந்துவிட்டது.

“ஏம்ப்பா, கோட்டைத் தாண்டி எங்கேயோ போயிருச்சு. பார்க்கலையா?”

“யாரும் சொல்லலையேடா!”

அதிகமானதை வழித்துக் கொட்டுங்கள் என்றேன், கேட்கவில்லை, அப்படியே மாட்டிக் கிளப்பினார். அதிகப்படி எண்ணெயை என்ஜின் உறிஞ்சிக் குடித்துவிட்டு, தானாக வேகம் பிடித்து அலற ஆரம்பித்தது. நிறுத்தும் கம்பியை இழுத்தாலும் நிற்கவில்லை. காற்று போகிற வாயில் ஒரு பலகையை வைத்து அழுத்தி நான்தான் அதன் மூச்சை அடக்கினேன். அன்றிலிருந்து பெரியவர் கொட்டகையில் சும்மா நிற்கிறார், புதுசு வெளியே மழையில் நனைகிறது. இரும்புக்கடைக்காரரை வரச் சொன்னேன். அவர் சுற்றிவந்து விரலால் தட்டிப் பார்த்தார்.

“ஓடுமாங்க?”

“ஓடும். ஆனா தம்பி வரணும்” என்றார் அப்பா.

“தம்பி மெக்கானிக்குங்களா?”

“இல்ல. கிண்ணம் பிடிப்பான்.”

இரும்புக்கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். “நான் பிடிக்கிறேன்ப்பா” என்றதற்கு, “உனக்கு ஏதுடா பொறுமை? பாதியிலயே போதும்பே” என்கிறார். கடைசியில், “சின்னவன் எழுதிக் குடுத்தா எடுத்துட்டுப் போகட்டும்” என்று சொல்லிவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஆகவே தயவுசெய்து எழுதுங்கள், தெளிவாக, கையெழுத்தோடு.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. முட்டிக்கு மறக்காமல் எண்ணெய் தேய்த்துக்கொள்ளுங்கள், கோடு தாண்டாமல். நீங்கள் நீண்ட நாள் நல்ல சுகத்தோடு இருக்கவேண்டும்.

இப்படிக்கு,
பொறுமை இல்லாத உங்கள் அண்ணன் மகன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் அப்பா வந்து நின்றார். “யாருக்குடா?” என்றார். சித்தப்பாவுக்கு என்றேன். “நல்ல சட்டையைக் கழட்டிட்டு வா” என்றார். ஏன் என்று கேட்காமல் போனேன், எனக்கே ஆச்சரியம். கிண்ணத்தைக் கழுவித் துடைத்து வைத்திருந்தார். குந்தினேன், ஏந்தினேன். மனுஷன் அவ்வளவு நிதானமாக ஊற்றுவார் என்று யார் கண்டது? கால் மரத்துவிட்டது, மூக்கு அரித்தது, ‘போதும்’ என்று வாய்வரை வந்ததை விழுங்கினேன். எண்ணெய் வந்து தொட்டதும் “கோடு!” என்று கத்தினேன். கை நிமிர்ந்தது. ஆனால் அவர் என்னைப் பார்க்கவில்லை சித்தப்பா, வாசலைத் திரும்பிப் பார்த்தார். பெரியவர் உடனே கிளம்பிவிட்டார். ஆகவே மேலே கேட்ட அந்த வரியை எழுத வேண்டாம். நீங்கள் மறுத்துவிட்டதாக இரும்புக்கடைக்காரரிடம் சொல்லிவிட்டேன். அவர் உங்களுக்குப் போன் செய்தால் கொஞ்சம் கோபமாகப் பேசுங்கள். காகித ஃபில்டர் இன்னும் கொடியில்தான் தொங்குகிறது, அதை நீங்களே வந்து தூக்கிப் போடுங்கள், நான் போட்டால் மறுபடி எடுத்து வந்துவிடுவார். முட்டி மடங்காவிட்டால் பரவாயில்லை, ஏந்த நான் இருக்கிறேன், பக்கத்தில் கோடு தெரிகிற மாதிரி உங்களுக்கு ஒரு நாற்காலி போடுகிறேன். கோடு சொல்லத்தான் ஆள் வேண்டும். நான் சொன்னது ஒரு சொட்டு தாமதமாம்.