விற்ற பிறகும் விடாதவன்

போன் திரையில் செவலையின் வால் தெரிந்தது, முதுகு தெரிந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் கட்டம் கட்டி ஓர் அறிவிப்பு நின்றது: 'இது அசல் உதிரிபாகம் அல்ல.'

"மாட்டைப் பாத்தா அசல் இல்லன்னு சொல்றான்?" என்று கொதித்தார் ராஜாங்கம்.

"மாட்ட இல்லங்க, டிஸ்ப்ளேவ சொல்றான்," என்றாள் மனைவி அன்புக்கரசி. "நேத்து கீழ போட்டு ஒடச்சி, ஹேமா கடையில மாத்தினீங்களே, அத."

ராஜாங்கத்துக்குச் செஞ்சி நெல் கமிட்டியில் மூட்டை தைக்கிற வேலை. செவலை அவர் ஆறு வருஷம் வளர்த்த பசு. மாடு கட்டியிருந்த காலி மனையில் யாரோ வீடு எழுப்பிவிட, எட்டு மாதத்துக்கு முன்னால் சினையோடு பனமலை கோதண்டராமனுக்கு விற்றுவிட்டார். அன்றிலிருந்து காலையும் மாலையும் வீடியோ காலில் பார்த்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

"தவுட்ட ஏன் இப்படிக் கட்டியா வைக்கிற? கரைச்சி வை. கழுத்து மணிய மாத்தாத. ஊசின்னா நம்ம செஞ்சி டாக்டருதான் போடணும். வேற ஆளு கைய வெச்சா அப்புறம் நான் பொறுப்பில்ல, ஆமா."

"சரிண்ணே," என்பார் கோதண்டராமன். எட்டு மாதமாக அவர் பேசியது அவ்வளவுதான். அவர் மனைவி காத்தாயி அதுகூடப் பேசியதில்லை. போனை மாட்டுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

இன்றைக்குச் செவலைக்கு மடி இறங்கிவிட்டது. பொழுது சாய்வதற்குள் ஈன்றுவிடும். கன்றின் முகத்தை முதல் ஆளாகப் பார்க்க வேண்டும் என்று ராஜாங்கம் வேலைக்கே போகவில்லை. பார்த்தால், முகத்தின் மேல் அறிவிப்பு!

கம்பெனிக்குப் போன் போட்டார். அரை மணி நேரம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பெண் வந்தாள்.

"சார், வெளி ஆள் கை வெச்சிருக்காங்க. அதுக்கு நாங்க பொறுப்பில்ல சார்."

"காசு குடுத்து வாங்கின போன நான் யாருகிட்ட குடுத்தா உனுக்கு இன்னாம்மா?"

"போன் உங்களோடதுதான் சார். உள்ள ஓடுறது கம்பெனியோடது. ஒரு அப்டேட் அனுப்புறேன், போட்டுப் பாருங்க."

போட்டார். அறிவிப்பு போய்விட்டது. ராஜாங்கம் கைதட்டப் போன நேரத்தில் திரையில் வேறொன்று முளைத்தது: 'உரிமையாளர்தானா? விரலை வைக்கவும்.'

வைத்தார். இருபது வருஷம் சணல் இழுத்த விரலில் ரேகை எங்கே இருக்கிறது? ரேஷன் கடை மிஷினே அவரைப் பார்த்தால் சலித்துக்கொள்ளும்.

"எண்ணெ தடவி வெச்சிப் பாருங்க," என்றாள் அன்புக்கரசி.

தடவினார். வழுக்கியது.

"துன்னூறு தொட்டு வெச்சிப் பாருங்க."

வைத்தார். கடைசியாக, கதவைச் சாத்திவிட்டு, கால் கட்டை விரலையும் வைத்தார். போன் பொறுமை இழந்து, 'நீங்கள் உரிமையாளர் அல்ல. இருபத்துநான்கு மணி நேரம் கழித்து முயலவும்' என்று மூடிக்கொண்டது.

"ஆறு மாசம் தவண கட்டினவன் நானு! நான் ஓனரு இல்லியாம்!"

போனைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு எதிரில் இருந்த ஹேமாவின் கடைக்கு ஓடினார்.

"போன் மேல ஏன் திருநீறு, எண்ணெய் எல்லாம்?" என்று துடைத்துக்கொண்டே ஹேமா கேட்டாள்.

"அத உடு. தொறந்து குடு."

"நான் போட்ட டிஸ்ப்ளே நல்லாத்தான் இருக்குதுண்ணே. அவங்க அங்க உக்காந்துக்கினே பூட்டுறாங்க. வேற கடையில ரிப்பேர் பண்ணா இதான் கதி." அவள் ஒரு தாளை எடுத்தாள். "விழுப்புரம் நுகர்வோர் கோர்ட்டுல மனு குடுக்கப்போறோம். ஏற்கெனவே நாலு பேரு சேந்துட்டாங்க. நீங்களும் சேர்றீங்களா?"

"அதுலயும் ரேக வெக்கணுமா?"

"கையெழுத்து போதும்ண்ணே. உங்க ஞாயத்த சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

ராஜாங்கம் தொண்டையைச் செருமினார்.

"எழுதும்மா. எங்க சந்தையில மாட்ட வித்தா, வித்தவன் கயித்த வாங்கினவன் கையில குடுப்பான். கயிறு கை மாறிட்டா அதோட சரி. அதுக்கு இன்னா தீனி, எந்த டாக்டருன்னு அவன் பாத்துக்குவான். வித்தவன் வாயத் தொறக்கக் கூடாது. மாட்டுக்கு ஒரு ஞாயம், போனுக்கு ஒரு ஞாயமா?"

ஹேமா பேனாவை நிறுத்தி அவரை நிமிர்ந்து பார்த்தாள். "இதுக்கு மேல வக்கீலு இன்னாண்ணே எழுதப்போறாரு!"

பூரிப்போடு கையெழுத்துப் போட்டுவிட்டு, பனமலை பஸ்ஸில் ஏறினார். பஸ் முழுக்க அந்த ஞாயத்தைச் சொல்லிக்கொண்டே வந்தார். கண்டக்டர்கூட, "கரெக்டுதான் பெரியவரே," என்றார்.

ஏரிக்கரையோரக் கொட்டகையில் அவர் நுழையும்போது கன்று தரையில் கிடந்தது. நெற்றியில் வெள்ளைச் சுட்டி. எழுந்திருக்கப் பார்த்து முன்னங்கால் மடங்கி விழுந்தது. ராஜாங்கத்துக்குக் கண் கலங்கியது. அடுத்த நொடி செவலையின் கயிற்றை எட்டிப் பிடித்தார்.

"கெழக்க பாத்து நிக்கணும், இப்படித் திரும்பு! ஏன் கோதண்டராமா, தண்ணி வெதுவெதுன்னு வெச்சியா? யாரு வந்து பாத்தது?"

"உள்ளூரு டாக்டரம்மா. கன்னு கொஞ்சம் சிக்கிக்கிச்சிண்ணே. அவங்கதான் நல்லபடியா எடுத்தாங்க."

"நம்ம டாக்டர கூப்புடச் சொன்னேனே!"

"அவரு நம்பரு கேக்கத்தான் உங்களுக்குப் போட்டேன், உங்க போனு எடுக்கவே இல்லியேண்ணே."

போன் என்றதும் ராஜாங்கத்துக்குக் கோபம் திசை மாறியது. கன்று பார்க்க வந்திருந்த பத்துப் பேரும் கேட்கும்படி, கயிற்றை உயர்த்திப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். "ஒரு பொருள வித்துட்டா வித்தவனுக்கு அது மேல இன்னா பாத்யத? வாங்கினவன் வூட்டுக்குள்ள வந்து அத செய்யாத, இத செய்யாதன்னு அதிகாரம் பண்றானே, இது அடுக்குமா? கோர்ட்டுலயே எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன்!"

கூட்டம் தலையாட்டியது. இதற்குள் நாலு காலில் நின்றுவிட்ட கன்று தாயின் மடியை நோக்கி முட்டியது. கயிற்றின் இழுப்பில் செவலை திரும்ப முடியாமல் தவித்தது.

எட்டு மாதமாக வாய் திறக்காத காத்தாயி, சிரித்துக்கொண்டே அவரிடம் கையை நீட்டினாள்.

"கோர்ட்டுல நீங்கதான் ஜெயிப்பீங்கண்ணே, மொதல்ல எங்க மாட்டுக் கயித்த என் கையில குடுத்துட்டு வந்து உக்காருங்க, கன்னு குடிச்சதும் உங்களுக்கும் சீம்பால் காய்ச்சித் தரேன்."