புல்வெளியில் ஒரு கிழிசல்

“நேத்தைவிட ஒரு விரல் அகலமாயிருக்கு” என்றார் டைலர்.

கழுத்தில் தொங்க வேண்டிய இஞ்ச் டேப்பைத் தரையில் விரித்து, திடலின் நடுவில் மண்டியிட்டிருந்தார். அவர் அளந்துகொண்டிருந்தது ஒரு பாதையை. யாரும் போட்ட பாதை இல்லை. பஸ்ஸை விட்டு இறங்கி ரொட்டிக்கடைத் தெருவுக்குப் போகிறவர்கள், ஓரமாகச் சுற்றிப் போகச் சோம்பல்பட்டு, பச்சைப் புல்லின் குறுக்கே நடந்து நடந்து உண்டாக்கிய ஒற்றையடிப் பாதை.

“கால் போற இடத்துல புல்லு எப்படிய்யா இருக்கும்?” என்றார் பக்கத்தில் நின்ற கண்டக்டர். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். விசில் மட்டும் இன்னும் சட்டைப் பையில் பணியில் இருந்தது.

“கால் எதுக்கு இந்தப் பக்கம் போகுது? அதான் என் கேள்வி.”

“ரொட்டி வாங்க.”

டைலர் அவரை முறைத்தார். கண்டக்டர் மரத்தைப் பார்த்தார்.

இந்தத் திடல் ஒருகாலத்தில் குப்பைமேடு. உடைந்த செங்கல், பாட்டில், முள், எவனோ கழற்றிப் போட்ட கதவு, எல்லாம் கிடந்தது. ஊர்க்காரர்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி, அள்ளிக் கொட்டி, மண் நிரப்பிப் புல் பிடிக்க வைத்தார்கள். தன்னார்வலர்கள் என்று பெயர். தன்னார்வலர் என்றால் யாரும் கேட்காமலே வருகிறவர், வந்த பிறகு யார் சொன்னாலும் கேட்காதவர். குழுவில் ஆண்கள் யோசித்தார்கள், பெண்கள் களை பிடுங்கினார்கள். ஆண்கள் யோசித்து முடிப்பதற்குள் களை தீர்ந்துவிடும். தீர்மானத்தை அதற்குப் பிறகு போடுவார்கள்.

குழுவின் தலைவர் டைலர்தான். கடை திடலுக்கு எதிரிலேயே இருந்ததால் அவருக்குத் தலைவர் பதவி வந்ததா, தலைவர் பதவிக்காகக் கடையை அங்கே வைத்தாரா என்று அவர் மனைவிக்கு ஒரு சந்தேகம் உண்டு.

இப்போது அந்தத் திடலுக்கே ஆபத்து. சேதியைக் கொண்டுவந்தவர் கண்டக்டர்.

“வர்ற வெள்ளிக்கிழமை ஆபீஸ்லேர்ந்து அதிகாரி வர்றாராம். பார்த்துட்டு முடிவு பண்ணுவாராம். ஒண்ணு, இது திடலாவே இருக்கும். இல்லேன்னா லாரி நிறுத்தக் குடுத்துடுவாங்க.”

“என்னத்தைப் பார்ப்பாராம்?”

“இடத்தைத்தான்.”

டைலருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. சட்டையைக் கையில் வாங்குகிறவன் தையலைப் பார்ப்பதில்லை, இஸ்திரியைப் பார்க்கிறான் என்பது அவருடைய ஆயுட்கால அனுபவம். புல்லைக் கத்தரித்தார்கள். ஓரத்துக் கற்களுக்கு வெள்ளையடித்தார்கள். எல்லாம் சரி. அந்தப் பாதை மட்டும் புதுச் சட்டையில் விழுந்த கிழிசல் மாதிரி, இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு ஓடியது.

முதலில் ஒரு பலகை வைத்தார். ‘புல்லின் மேல் நடக்காதீர்கள்.’ எழுத்து கொஞ்சம் சின்னதாகிவிட்டது. பலகையையும் நட்டநடுவில் நட்டிருந்தார்.

மறுநாள் பார்த்தால் பலகையைச் சுற்றி வட்டமாக ஒரு சொட்டை.

பால்காரம்மா பால் கேனோடு பலகையடியில் நின்றிருந்தாள்.

“இங்க என்னம்மா பண்றே?”

“என்னமோ எழுதியிருக்கேன்னு படிக்க வந்தேண்ணே. ரோட்டுலேர்ந்து தெரியல.”

“படிச்சியா?”

“படிச்சேன். நடக்கக் கூடாதாம். அதான் திரும்பிப் போறேன்.”

வந்த வழியாகவே போனாள், புல்லின் மேல்.

பலகையைப் பிடுங்கினார். பாதையின் இரண்டு முனையிலும் கம்பு நட்டுக் கயிறு கட்டினார். அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினார். காலையில் கடை திறக்க வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கயிறு முழுக்கத் துணி. போர்வை, பாவாடை, குழந்தை ஜட்டி, தலையணை உறை. முதல் துணியை அவருக்கு நன்றாகத் தெரியும். அது அவருடைய பனியன்.

“நீயுமா?” என்றார் வீட்டுக்குள் போய்.

“நல்ல வெயில், நல்ல காத்து” என்றாள் மனைவி. “கொல்லையில ஒரு கொடி கட்டிக் குடுங்கன்னு கல்யாணம் ஆன நாள்லேர்ந்து கேக்குறேன். ஊருக்கே கட்டிக் குடுத்திருக்கீங்க. நான் மட்டும் காயப்போடாம இருந்தா உங்களுக்குத்தானே அவமானம்?”

“அது கொடி இல்ல. தடுப்பு.”

“தடுப்புல துணி நல்லா காயுதுங்க.”

துணி காயப்போட ஒரு நடை, எடுக்க ஒரு நடை, மழை வருமோ என்று பார்க்க இரண்டு நடை. சாயங்காலத்துக்குள் பாதை இன்னும் அகலமாகிவிட்டது.

கயிறு போனது, முள் வந்தது. பாதையின் நடுவில் முள் கிளைகளைக் குவித்தார். ஊர் மக்கள் நல்லவர்கள். முள்ளை யாரும் தொடவில்லை. பாதிப் பேர் இடது பக்கமாக ஒதுங்கிப் போனார்கள், மீதிப் பேர் வலது பக்கமாக. ஒரு பாதை நடுவில் இரண்டாகப் பிளந்து மறுபடி ஒன்று சேர்ந்தது. மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் திடலுக்கு யாரோ பெரிய காஜா எடுத்த மாதிரி இருந்தது.

“பட்டன் எப்போ வைக்கப் போறீங்க?” என்றாள் மனைவி.

டைலர் அன்று சாப்பிடவில்லை. சாப்பிடவில்லை என்றால் இரண்டாவது தடவை வாங்கிக்கொள்ளவில்லை.

பிறகு கண்டக்டரைக் காவலுக்குப் போட்டார். இது அவர் செய்த தவறுகளில் மிகவும் பாசமான தவறு.

“யாரு வந்தாலும் விசில் அடிங்க. நின்னுடுவாங்க.”

கண்டக்டர் அடித்தார். பால்காரம்மா நின்றாள். கண்டக்டருக்குக் காலங்காலமான பழக்கம், ஆள் நின்றதும் சும்மா இருக்க முடியவில்லை. இரண்டு விசில் கொடுத்தார். பால்காரம்மா கிளம்பிப் போனாள்.

“என்னய்யா இது?” என்று கடையிலிருந்து கத்தினார் டைலர்.

“ஒரு விசில் நில்லு, ரெண்டு விசில் ரைட். எத்தனை வருஷம்! கை தானா போகுது.”

“சரி, மத்தவங்களையாவது விடாதீங்க.”

“தெரியாத ஆளு ஒருத்தரையும் விடல டைலரே. சத்தியம்.”

“இந்த ஊர்ல உங்களுக்குத் தெரியாத ஆளு யாரு?”

கண்டக்டர் நிஜமாகவே யோசித்துப் பார்த்தார். “அதான் விட்டுட்டேன்” என்றார்.

வெள்ளிக்கிழமை நெருங்கிவிட்டது. டைலர் கடையில் அமர்ந்து, வெட்டிப் போட்ட துணியை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. கிழிந்தால் ஒட்டுப் போட வேண்டியதுதானே! ஒட்டுப் போடத் துணிக்கு எங்கே போவது? அதே சட்டையின் உள்மடிப்பில் எடுக்க வேண்டும். அப்போதுதான் நிறம் ஒத்துப்போகும்.

திடலின் பின்மூலையில் ஆள் பார்வை படாத இடத்தில் புல்லை மண்ணோடு பெயர்த்து, சதுரம் சதுரமாகக் கொண்டுவந்து பாதையின் மேல் பதித்தார்கள். பதித்தார்கள் என்றால் பெண்கள் பதித்தார்கள். டைலர் புல் சாய்ந்திருக்கும் திசை பார்த்து, “அதைத் திருப்பி வைம்மா, இழை மாறுது” என்று சொல்லிக்கொண்டிருந்தார். தண்ணீர் தெளித்து, பலகையால் தட்டி முடித்தபோது பாதை இருந்த இடம் தெரியவில்லை. வேலை சுத்தம். அதை மறுக்க முடியாது.

இனி ஒரு கால் படக் கூடாது. டைலர் வீடு வீடாகப் போனார்.

“வெள்ளிக்கிழமை வரைக்கும் யாரும் திடல்ல கால் வைக்காதீங்க. லாரி வந்து நின்னா புகையும் ஹாரனும் யாருக்கு? நமக்குத்தானே?”

“சுத்திப் போனா பால் லேட்டாகும்ணே” என்றாள் திடல் ஓரத்தில் எதிர்ப்பட்ட பால்காரம்மா. “கேனு என் கையில தொங்குது, உங்க கையில இல்ல.”

“உன் கால்ல விழுறேன் தாயி.”

“வேண்டாம்ணே, நீங்க விழுந்தாலும் புல்லுதான் நசுங்கும்” என்று சொல்லிவிட்டுச் சுற்றிப் போனாள்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் ஒட்டுப் போட்ட சட்டையில் மற்ற சுருக்கமெல்லாம் பளிச்சென்று தெரியும். பிள்ளைகள் கிளையில் கட்டியிருந்த டயர் ஊஞ்சல் அசிங்கமாகத் தெரிந்தது. அவிழ்த்தார். பந்தைப் பிடுங்கிக் கடை அலமாரியில் பூட்டினார். சாயங்காலம் பெருசுகள் சீட்டாட உட்காரும் கல்லை நான்கு பேரை வைத்து உருட்டி அப்புறப்படுத்தினார். கல் இருந்த இடத்திலும் ஒரு ஒட்டு. பெருசுகள் முணுமுணுத்தார்கள். லாரி என்றார். அடங்கினார்கள். கடைசியில் பெஞ்சுகளைக் கழுவி, யாரும் உட்காராதபடி காவலுக்கு ஆள் போட்டார். இந்த முறை கண்டக்டர் இல்லை, கண்டக்டரின் மனைவி. அந்த அம்மாளுக்கு விசில் தேவைப்படவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் டைலர் தன் மனைவியைக் கூட்டிவந்து காட்டினார்.

“எப்படி?”

அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். “அழகாத்தான் இருக்கு. விருந்தாளிக்குன்னு எடுத்து வெச்ச பீங்கான் தட்டு மாதிரி.”

“அப்படிச் சொல்லு.”

“சாப்பாடு எதுல போடப் போறீங்க?”

டைலர் காதில் வாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஜீப் வந்தது. அதிகாரி ஒல்லியான மனிதர். கையில் ஒரு அட்டை, காதில் ஒரு பேனா. பின்னால் டிரைவர். அதிகாரி நேராகப் புல்லில் கால் வைக்கப் போனார். டைலர் பாய்ந்து குறுக்கே நின்றார்.

“சார்! மன்னிக்கணும். ஓரமா வந்தா முழுசும் பார்க்கலாம்.”

அதிகாரி தூக்கிய காலைக் கீழே வைக்க இடம் தேடி, வெள்ளையடித்த கல்லுக்கு வெளியே வைத்தார். ஊரே எதிர்வரிசையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

“ரொம்ப நேர்த்தியா இருக்கு” என்றார் அதிகாரி.

டைலரின் மார்பளவு இரண்டு இஞ்ச் கூடியது.

“குழந்தைங்க விளையாட வருவாங்களா?”

“விட்டாத்தானே சார்!”

“பெரியவங்க? சாயங்காலம் வந்து உக்காந்து பேச…?”

“மூச்! ஒரு ஈ காக்கா உள்ள வராது. அவ்வளவு கட்டுப்பாடு.”

அதிகாரி நெற்றியைத் தடவினார். இன்னொரு முறை சுற்றி வந்தார். மரத்தடியில் குனிந்து எதையோ தேடினார். பெஞ்சின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். ஒரு தூசி இல்லை. விரலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். அசந்துபோய்விட்டார் என்று டைலர் கண்டக்டரிடம் கண்ணைக் காட்டினார். கண்டக்டர் சந்தோஷம் தாங்காமல் இரண்டு விசில் கொடுத்துவிட்டார்.

“ஒரு டீ கிடைக்குமா?” என்றார் அதிகாரி. குரல் சோர்ந்திருந்தது.

அவரைக் கடைக்குள் உட்கார வைத்தார்கள். டைலரின் மனைவி டீ கொண்டுபோனாள். அதிகாரி அட்டையை மடியில் வைத்து, பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். எழுதவில்லை.

டைலர் வெளியே வந்து ஜீப்பில் சாய்ந்து நின்ற டிரைவரின் தோளில் தட்டினார்.

“சார் இன்னும் கையெழுத்துப் போடலையே தம்பி. இதைவிட சுத்தமா எந்த ஊர்லயாவது பார்த்திருக்கீங்களா?”

“இல்லண்ணே. எங்கயும் பார்த்ததில்ல.”

“அப்புறம் என்ன தயக்கம்?”

டிரைவர் கடைப்பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

“எங்க சார் நல்ல மனுஷன்ணே, லாரிக்காரங்களுக்கு இடத்தைத் தூக்கிக் குடுக்க அவருக்கும் மனசில்ல, ஜனம் பொழங்குற இடம்னு எழுத ஏதாவது ஒரு அடையாளம் கிடைச்சாப் போதும்னுதான் ஊர் ஊரா அலையுறாரு, அவர் டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள யோசிச்சுச் சொல்லுங்க, காட்டுறதுக்கு குறுக்கால ஒரு ஒத்தையடிப் பாதைகூடவா இல்ல உங்க ஊர்ல?”