தென்கலை ஃபியட்

"மாலை போட்டு மறைச்சிடலாம்னு சொல்றீங்க. மாலைக்கு அடியில இருக்கிறது கர்த்தருக்குத் தெரியாதா, சம்பந்தி?"

பூந்தமல்லியிலிருந்து வந்திருந்த பிரகாசம் இதைக் கோபமில்லாமல்தான் கேட்டார். கோபப்பட்டிருந்தால் வேதமுத்துவுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். நாளை மறுநாள், சனிக்கிழமை, பிரகாசத்தின் மகன் வேதமுத்துவின் மகள் வசந்தகுமாரிக்குத் தாலி கட்டப்போகிறான். மணப்பெண்ணைச் சர்ச்சுக்கு அழைத்துப்போக வேண்டிய நீலநிற ஃபியட், ஆவடி குவார்ட்டர்ஸ் வாசலில் நின்றது. அதன் பானட்டின் நடுவில், உள்ளங்கை அகலத்தில், பித்தளையில் செய்து ஒட்டிய திருநாமம்.

கார் வேதமுத்துவுடையது அல்ல. அவர் ஃபிட்டராக வேலை பார்க்கும் ஃபேக்டரியின் மேனேஜர் பார்த்தசாரதியுடையது. "பொண்ணுக்குக் கல்யாணமாமே, என் வண்டியை எடுத்துண்டு போங்க" என்று அவரே கூப்பிட்டுக் கொடுத்தார். "போன மாதிரியே திரும்பி வரும் சார்" என்று வேதமுத்துவும் வாக்குக் கொடுத்துவிட்டார். இருபத்தெட்டு வருஷ சர்வீஸில் ஒரு மெமோ வாங்காத மனுஷர். கொடுத்த வாக்கு தவறினால் அவருக்குச் சோறு இறங்காது.

"கழட்டி வெச்சிட்டு, திங்கக்கிழமைக்குள்ள திரும்ப ஒட்டிடுங்க" என்றாள் மனைவி ஞானகுமாரி.

"சாரை ஒரு வார்த்தை கேக்க வேணாமா?"

"எந்த வாயால கேப்பீங்க? வண்டி வேணும், உங்க சாமி வேணாம்னா?"

அதுவும் நியாயமாகத்தான் இருந்தது.

டூல்ரூமில் வேலை பார்க்கும் உத்தமனைக் கூப்பிட்டார்கள். மண்ணூர்பேட்டைக்காரன். காரை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, டாக்டர் மாதிரி குனிந்து பார்த்தான்.

"ஸ்க்ரூடிரைவர் போட்டு நெம்பிடாதே அண்ணாத்தே, பெயின்ட்டு பூடும். சுடுதண்ணில துணி முக்கி ஒத்தடம் குடு. பசை எளகும். அப்பால தூண்டில் நரம்பைப் பின்னால உட்டு, மெதுவா அறுத்துகினே வா."

ஒத்தடம் கொடுத்தார்கள். அறுத்தார்கள். மண்ணெண்ணெய் தொட்டுப் பசையைத் துடைத்தார்கள். பெயின்ட்டில் ஒரு கீறல் இல்லை. நாமத்தின் அடியிலிருந்த சின்னத் துண்டு மட்டும் உடைந்து, உருண்டு, சாக்கடையில் விழுந்தது. அதை அப்போது யாரும் பெரிதாக நினைக்கவில்லை. ஏனென்றால் எல்லோரும் பானட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பல வருஷ வெயிலில் கார் வெளுத்திருந்தது. நாமம் மூடியிருந்ததால் வெயில் படாத இடம் மட்டும், நாம வடிவிலேயே, புத்தம் புதுக் கருநீலம். முன்பு பித்தளை நாமம் பக்கத்தில் வந்தால்தான் தெரியும். இப்போது தெருக்கோடியிலிருந்தே தெரிந்தது.

"சுத்தி பாலிஷ் போட்டா கலர் ஒண்ணாயிடும்" என்றான் உத்தமன்.

போட்டார்கள். நாமம் மறைந்து, அந்த இடத்தில் பூசணிக்காய் அளவுக்கு ஒரு கருநீல வட்டம் வந்தது. வட்டத்தை மறைக்க பானட் முழுக்கத் தேய்த்தார்கள். பானட் வேறு காரிலிருந்து கழற்றி மாட்டியது போலாயிற்று. பிறகு கதவுகள், பிறகு கூரை, பிறகு டிக்கி. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கார் ஷோரூமிலிருந்து வந்தது போல நின்றது. வேதமுத்துவால் வலது கையைத் தூக்க முடியவில்லை.

மறுநாள் சர்ச்சில் மகளைக் கைப்பிடித்துக் கொடுக்கும்போது இடது கையால்தான் கொடுத்தார். பிரகாசம் அதையும் கவனித்தார். வசந்தகுமாரி அப்பாவைப் பார்த்து அழுதாள். அவரும் அழுதார். பாதி மகளுக்காக, பாதி தோள்பட்டைக்காக.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நாமத்தை எடுத்து வைத்து அளவு பார்த்தார்கள். உத்தமன் முகம் மாறியது.

"பாதம் எங்க அண்ணாத்தே?"

"எந்தப் பாதம்?"

"கீழ ஒரு துண்டு இருந்துச்சே. அது இருந்தா தென்கலை. இல்லாங்காட்டி வடகலை."

"அதனால என்னப்பா? ரெண்டும் ஒரே பெருமாள்தானே?"

உத்தமன் அவரைப் பரிதாபமாகப் பார்த்தான். "ஏன், ஏசுவும் ஒருத்தர்தான். உன் பொண்ணை ரோமன் கத்தோலிக்குல குடுத்தியா?"

வேதமுத்து படியில் உட்கார்ந்துவிட்டார். நம்பிக் கார் கொடுத்த மனுஷனை மூன்றே நாளில் கலை மாற்றி அனுப்புவதா? கல்யாணத்துக்கு எடுத்த வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாக்கடையில் இறங்கித் துழாவினார். அரை மணி நேரத்தில் ஒரு சோடா மூடியும் ஒரு சிலேட்டுக் குச்சியும் கிடைத்தன. பாதம் கிடைக்கவில்லை.

கடைசியில் உத்தமன், ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக, தெரிந்தவருடைய பட்டறையைத் திறக்கவைத்து, பித்தளைத் துண்டை அரத்தால் ராவி ஒரு பாதம் செய்துகொண்டு வந்தான். மாங்காட்டில் ஒரு பட்டாச்சாரியார் வீட்டு வாசலில் நின்று, வளைவு சரிதானா என்றும் கேட்டுக்கொண்டு வந்தானாம்.

"இந்தத் தடவை பெயரவே கூடாது" என்றார் வேதமுத்து.

"இரும்பையும் இரும்பையும் ஒட்டுற பசை அண்ணாத்தே. ரெண்டு ட்யூபைக் கலந்து பூசிட்டா, பானட்டை அறுத்தாத்தான் உண்டு."

திங்கட்கிழமை காலை, மேனாம்பேட்டில் பார்த்தசாரதி வீட்டு வாசலில் வேதமுத்து காரை நிறுத்தினார். பார்த்தசாரதி வெளியே வந்தார். பளபளக்கும் கதவுகளைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், முகமெல்லாம் மலர்ந்தது. அப்படியே முன்பக்கம் வந்தவர் நின்றுவிட்டார். குனிந்து நாமத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். நகத்தால் நெம்பிப் பார்த்தார்.

"கெட்டியா இருக்கே, வேதமுத்து."

"இனிமே யாராலயும் பெயர்க்க முடியாது சார்."

பார்த்தசாரதி சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வேதமுத்துவுக்கு வியர்த்துவிட்டது. பாதம் புதுசு என்று கண்டுபிடித்துவிட்டாரோ? வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த வேலைக்காரி தாயம்மாளிடம் மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா, சார் முகம் ஏன் அப்படி ஆயிடுச்சு? நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?"

தாயம்மாள் கையைக் கழுவாமலே நிமிர்ந்தாள்.

"வண்டி வாங்க வர்றவன்லாம் 'இன்னாய்யா, விக்கறதுக்கு மின்னாடியே நாமம் போட்டு வெச்சிகீறே'ன்னு சிரிச்சிகினு பூட்றான் நைனா. பெருமாள் சமாச்சாரத்தைத் தன் கையால பேக்கறது பாவமாச்சேன்னுதான், ஐயா தேடிப் புடிச்சி, சர்ச்சுக்குப் போற வேதக்காரங்க கல்யாணத்துக்குக் குட்த்தாரு."