கழுத்து பிடிச்சிருக்கு

முடிதிருத்தும் கடைக்காரருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. இடப்பக்கம் யாராவது கூப்பிட்டால் கப்பல் மாதிரி மொத்த உடம்பையும் திருப்பித்தான் 'என்ன' என்று கேட்க வேண்டியிருந்தது. முடி வெட்டிய கையோடு ஊரார் கழுத்தையெல்லாம் பிடித்துவிடுகிறவர் அவர். அவர் கழுத்தைப் பிடித்துவிடத்தான் ஆளில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கண்ணாடி முன்னால் நின்று தீர்மானம் போட்டார். இன்றைக்கு மனைவி கையால் இந்தக் கழுத்துக்கு விடுதலை.

மனைவிக்குச் சலவைக்கடையில் நீராவி இஸ்திரி போடுகிற வேலை. நேராகவே கேட்டுப் பார்த்தார்.

"எனக்குக் கழுத்து பிடிச்சிருக்கு."

"எனக்கும்தான் உங்க கழுத்து பிடிச்சிருக்கு. அதுக்கென்ன இப்போ?"

"அந்தப் பிடிப்பு இல்லம்மா. வலி."

"எனக்குத் தோள்பட்டை வலி. வாரம் முழுக்க இஸ்திரிப் பெட்டி பிடிச்சது நீங்களா, நானா?"

நேர்வழி அடைபட்டது. குறுக்குவழியில் இறங்கினார். முதலில் அவளுக்குச் செய்துவிட்டால் மனசு குளிர்ந்து, 'இப்போ நீங்க உட்காருங்க' என்று சொல்லாமலா போய்விடுவாள்?

"இங்க பாரு, வெறுமனே பிடிச்சுவிட்டா பாதிப் பலன்தான். முதல்ல ஆவி காட்டணும். சதை இளகும். இளகின சதையில கை வெச்சா வலி போற இடம் தெரியாது. ரெண்டும் சேர்ந்தா அது தனிச் சுகம்."

"நாள் பூரா ஆவியிலதான் நிக்கிறேன். ஒரு சுகத்தையும் காணோமே."

"அங்க ஆவியெல்லாம் சட்டைக்குப் போயிடுது. உட்காரு, காட்டுறேன்."

பெரிய பாத்திரத்தில் வெந்நீர் கொதிக்கவைத்துக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். போர்வையால் மூடினார். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"தனியா மூச்சு முட்டுதுங்க. நீங்களும் வாங்க."

அவரும் தலையை நுழைத்தார். மூக்குக் கண்ணாடி ஆவியில் மங்கியது. முகம் தக்காளியாய்ச் சிவந்தது.

"எனக்கு ஆவி போயிடும்போல இருக்கு."

"போர்வையை நல்லா இழுத்து மூடுங்க, போகாது."

பிறகு எண்ணெய் தடவி அவள் தோளைப் பிடித்துவிட்டார். கடைக்கு வருகிறவர்களுக்குக்கூட அவ்வளவு பக்குவமாகச் செய்ததில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு உத்தரவு போட்டாள்.

"கொஞ்சம் கீழ. ம்... அங்கதான். அடுப்பு அணைச்சாச்சா, பாருங்க."

பார்த்தார். "அணைச்சாச்சு."

"கதவு சாத்தியிருக்கா?"

"சாத்தியிருக்கு."

ஒருவழியாக எழுந்து சோம்பல் முறித்தாள். "தோள் பஞ்சாயிடுச்சுங்க."

இந்த வார்த்தைக்காகத்தானே இத்தனை பாடு. சட்டையைக் கழற்றிவிட்டு நாற்காலியில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்தார். "இப்போ என் கழுத்து."

"எங்க, இடப்பக்கம் திரும்புங்க."

திரும்பினார். எண்ணெய் போட்ட கதவு மாதிரி கழுத்து சத்தமில்லாமல் திரும்பியது. அதன் பிறகுதான் வலிக்கிற மாதிரி முகத்தைச் சுளிக்கத் தோன்றியது. அதற்குள் அவள் பார்த்துவிட்டாள்.

"இடப்பக்கத்து அடுப்பைப் பார்க்கச் சொன்னப்பவே, கை என் தோளை விட்டு நகராமலே கழுத்து திரும்பிடுச்சு. எதுக்கும் இருக்கட்டும்னு கதவையும் பார்க்கச் சொன்னேன். நீங்க சொன்னது நிஜம்தாங்க. ஆவியும் கையும் சேர்ந்தா பிடிச்சுவிடுறவங்களுக்கே குணமாயிடுது."

இல்லை என்று தலையாட்டினார். கழுத்து இரண்டு பக்கமும் ஜோராக ஆடிக் காட்டிக்கொடுத்தது. வலி போனதற்குச் சந்தோஷப்படுவதா, வாய்ப்பு போனதற்கு வருத்தப்படுவதா என்று புரியவில்லை. சுகமாக இருந்ததால் சந்தோஷமே ஜெயித்தது.

அவள் போர்வையை மடித்து வைத்தாள்.

"அடுத்த ஞாயிறு முதுகு வலிச்சா சொல்லுங்க. என் கால்ல ஆரம்பிக்கலாம்."